இஞ்சிவிளையில் ஒரு கழித்தல்

களியக்காவிளைச் சந்தை தாண்டி
இஞ்சிவிளைக்குத் திரும்பும் வளைவில்
வாழைக்குலை மண்டியின் மாடி.
முட்டை அட்டை ஒட்டிய அறை,
வாடகை நாலாயிரத்து ஐந்நூறு.
அடகிலிருந்து மீண்ட கம்ப்யூட்டர்,
இரண்டு ஸ்பீக்கர், நான்.

பாறசாலையிலிருந்து ஸ்கூட்டரில் வந்தார் றெஜிகுமார்.
கன்வென்ஷனுக்கு எட்டுப் பாட்டு,
நாலு தமிழ், நாலு மலையாளம்.
"எதிலயாக்கும் மிக்ஸ் பண்ணுறது?"
சொன்னேன்.
முகம் சுண்டியது.
"கொள்ளாம். ஆனா நெய்யாற்றின்கரையில
வினயன் வச்சிருக்க சாஃப்ட்வேர்ல
சத்தத்துக்கு ஒரு அகலம் உண்டு.
இது கொஞ்சம் ஒடுங்கியாக்கும் இருக்கு."

அகலம்.
எந்த முழக்கோலால் அளந்தார் என்று கேட்கவில்லை.
முன்பணம் இன்னும் அவர் சட்டைப்பையில் இருந்தது.

அன்றிரவு வினயனின் சாஃப்ட்வேரை
முப்பது நாள் இலவசத்தில் இறக்கினேன்.
அதே ஏழு டிராக்கை இரண்டிலும் போட்டேன்,
எந்த ஃபேடரையும் தொடாமல்.
வந்த ஃபைல் இரண்டில்
ஒன்றைத் தலைகீழாய்த் திருப்பி
மற்றதன் மேல் வைத்தேன்.
மேட்டுக்குப் பள்ளம், பள்ளத்துக்கு மேடு.
இரண்டும் ஒன்றென்றால்
எதுவும் மிஞ்சக்கூடாது.

மிஞ்சியது.
கீபோர்டெல்லாம் அழிந்துபோன இடத்தில்
லில்லிபாயின் குரல் மட்டும்
மெலிந்து, நட்டநடுவில்,
யாரோ கதவடைத்துப் போனபின்
உள்ளே மாட்டிக்கொண்டவள் போல.

கை சில்லிட்டது.
பத்து வருஷமாய் நான்தான் செவிடா?

ஒன்றரை மணிக்குப் பிடிபட்டது.
நடுவில் நிற்கும் மோனோ டிராக்கை
ஒன்று மூன்று டெசிபல் இறக்கி வைக்கிறது.
மற்றது இருந்தபடியே விடுகிறது.
அவரவர் ஏற்பாடு.
எல்லைக்கு இருபுறமும் பம்ப் உண்டு,
பெட்ரோல் ஒரே கப்பலில் வந்ததுதான்,
வரி வேறு.

அதைச் சமன் செய்து மறுபடி ஓட்டினேன்.
மீட்டரின் பச்சை எழவே இல்லை.
வால்யூமை முழுக்கத் திருகியும்
நாலு நிமிஷம் பன்னிரண்டு நொடி
ஒன்றுமில்லை.
கீழே மீன் லாரியிலிருந்து
ஐஸ் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

காலையில் றெஜிகுமார் போன் செய்தார்:
"ரெண்டிலயும் ஒண்ணு அனுப்புங்க. கேட்டுப் பாப்போம்."

இங்கே ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும்.
வினயனின் திரையில் ஃபேடர் நீளம்,
சாம்பல் நிறம், என் கைக்குப் பழகாதது.
அதில் உட்கார்ந்தால்
வேறு இடத்தில் வெட்டியிருப்பேன்,
எதிரொலியைக் கொஞ்சம் சீக்கிரம் விட்டிருப்பேன்.
அப்போது அவர் சொன்னது சரியாகியிருக்கும்,
வேறு காரணத்துக்காக.
ஆனால் அன்று மூன்று மணி நேரம் கரண்ட் இல்லை.
என் மிக்ஸையே நகலெடுத்து
இரண்டு பெயர் வைத்து அனுப்பினேன்.

பதில் உடனே வந்தது.
"ரெண்டாவது! பாத்தியளா, அகலம்.
லில்லிபாய் மூச்சு இழுக்கதுகூட கேக்கு."

சிரித்துக்கொண்டே இரண்டாவதை ஓட்டினேன்.
இரண்டாம் சரணத்துக்கு முன்னால்
ஒரு மூச்சு.
சின்னது, கொஞ்சம் தயங்கியது.
முதலாவதை ஓட்டினேன்.
ஒடுங்கித்தான் இருந்தது.

ஒரே பைட், ஒரே பூஜ்யம்,
இரண்டையும் படைத்தவள் நான்.
ஆனாலும் ஒடுங்கித்தான் இருந்தது.
ஹெட்போனைக் கழற்றி
காதைத் தேய்த்துவிட்டுக்கொண்டேன்.

மீதிப் பணம் வந்தது.
கன்வென்ஷன் முடிந்த திங்கட்கிழமை
நெய்யாற்றின்கரையிலிருந்து வினயன்:
"சேச்சி, ஒண்ணு கேக்கட்டா?
உங்க சவுண்டுக்கு ஒரு அகலம் உண்டெண்ணு
றெஜிச்சேட்டன் எல்லாவரிட்டயும் சொல்லிட்டு நடக்கார்.
எதிலயாக்கும் பண்ணுனது?"

அவனுடையதன் பெயரையே சொன்னேன்.
போனில் கொஞ்ச நேரம் சத்தமில்லை.
"எந்த வெர்ஷன்?" என்றான்.